ஏர் பிடித்த முதுகு

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்.
பிறை பதினேழு, செவ்வாய் காலை,
இலட்சுமாங்குடியில் செல்போன் கடை மாடி.
ரெக்சின் கட்டிலில் முகம் வைக்க ஓர் ஓட்டை.
அதன் வழியே தெரிந்தது
ஜபருல்லாவின் ரப்பர் செருப்பும்
தரையில் கிடந்த பித்தளை வாசரும்தான்.
அரை இஞ்ச். யார் வீட்டுக் குழாயோ
எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும்.

நேரம் பார்ப்பது எனக்குப் புதிதில்லை.
மும்முனைக் கரண்டு எப்போது வருமென்று
மோட்டார் கொட்டகையில் கண்விழித்தே
இருபத்திரண்டு வருஷம்.
அவர் பிறை பார்க்கிறார்,
நான் பெட்டியில் சிவப்பு விளக்கு.

ஸ்பிரிட் துடைத்த குளிர்.
பிறகு முதல் கிண்ணம்,
துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பம்பு,
ஒன்று, இரண்டு இழுப்பு.
காதாலேயே தெரிந்துவிட்டது.
"பாய், சரியா உக்காரலை. காத்து வாங்குது."
சிரித்தார். மயிரை மழித்து
எண்ணெய் தொட்டு மறுபடி வைத்தார்.
பிடித்தது.

போன மாசியில் வந்த வலி இது.
வடபாதிமங்கலம் பக்கம்
பில்டர் பாயிண்டில் மணல் ஏறி
குழாயை மேலே வாங்கிக்கொண்டிருந்தோம்.
செயின் பிளாக் கொக்கி நழுவ
மொத்த நீளமும் என் மேல்.
ஒரு நொடிதான்.
இடுப்புக்கு மேலே இடது பக்கம்
அப்போது வந்து நின்றது
இன்னும் நகரவில்லை.
படம் எடுத்தார்கள், எலும்பு ஒழுங்கு என்றார்கள்.
ஒழுங்கான எலும்போடு நான்
பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியாமல்
ஸ்பானர் பையோடு டவுன்பஸ் ஏறினேன்.

அப்பா பிடித்த ஏர் வேறு.
எனக்கு ஏர் என்றால் குழாயில் சிக்கிய காற்று:
மோட்டார் அலறும், தண்ணீர் வராது.
முதுகும் ஏர் பிடிக்கும் என்று
எந்த மெக்கானிக்கும் சொல்லித் தரவில்லை.

கீறல்கள். பிளேடு நுனியில் எறும்பு ஊர்ந்தது.
அதன் மேல் மறுபடி கிண்ணங்கள், ஏழு.
போன் அடித்தது.
"ஸ்பீக்கர்ல போடுங்க பாய்."

பூதமங்கலம் செண்பகவல்லி.
குறுவைக்கு விட்ட நாற்றங்கால் வெடிக்கிறதாம்,
மோட்டார் சும்மா சுற்றுகிறதாம்,
மேட்டூர்த் தண்ணி எப்ப வந்து சேர, நீ எங்க இருக்க?
குப்புற இருக்கிறேன் என்று சொல்லவில்லை.
"மேல் மூடியக் கழட்டு. சாணி கரைச்சு ஊத்து."
"ஊத்திட்டேன், வழியுது."
"அது நுரை. அடங்கட்டும், இன்னொரு குடம்."
செருப்புகள் அசையாமல் நின்றன.
ஜபருல்லாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.
"இப்ப மூடு. கேட்வால்வைப் பாதி சாத்திட்டு
சுவிட்சப் போடு."
இரண்டு இருமல்.
பிறகு சத்தம் கனத்தது.
"வந்துட்டு!" என்றவள்
போனை வைக்க மறந்துபோனாள்.
ஒரு நிமிஷம் போல அந்த அறையில்
பூதமங்கலத்துத் தண்ணீர் விழுந்தது.

கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார்.
உறைந்துபோய், கருஞ்சிவப்பாய்,
கலக்கி வைத்த கிரீஸ் போல.
"கெட்ட ரத்தமா பாய்?"
"அப்படித்தான் சொல்வாங்க.
தம்மாம்ல எட்டு வருஷம் கிரேன் ஓட்டினவன் நான்,
எனக்கும் முதுகு போயிதான் இதுக்கு வந்தேன்.
எனக்குத் தெரிஞ்சு இது ரத்தம்.
நல்லாத் தூங்கினீங்கன்னா சொல்லுங்க.
இல்லைன்னா அடுத்த பிறைக்குக் காசு வேணாம்."
தேனும் இரண்டு பேரீச்சையும் கொடுத்தார்.
அந்த வாசரைப் பையில் போட்டுக்கொண்டேன்,
கேட்டுவிட்டுத்தான்.

ராத்திரி தையல்நாயகி
என் சட்டையைத் தூக்கி எண்ணினாள்.
"இது மூணு இஞ்ச். இது ரெண்டரை."
விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி
"எதுல கிட்டத் தண்ணி?" என்றாள்.
சிரித்தேன். சிரித்ததில் வலித்தது,
பழைய இடத்தில் இல்லை.
நாலு விரல் தள்ளி, வலது பக்கம்.

அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு மணிக்குக் கரண்டு வரும்.
அலாரம் வைத்துவிட்டு
குப்புறவே படுத்தேன்.